பழைய பிக்கப்புக்கு ஐந்தாவது கியர்: பெட்டியை மாற்றுவதா, ஆக்ஸிலை மாற்றுவதா?

ஜனவரி 9 – வாசகர் கேள்வி

1978 ஃபோர்டு எஃப்-100 வைத்திருக்கிறேன். ஆறு சிலிண்டர், 300 கன அங்குல எஞ்சின், டி-18 என்ற நான்கு கியர் பெட்டி. மெதுவாக ஓட்டும்வரை குறையில்லை. நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் எஞ்சின் கதறுகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியவில்லை. ஓவர்டிரைவ், அதாவது எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடும் மேல் கியர், உள்ள ஐந்து கியர் பெட்டி போட்டால் சத்தம் அடங்கும், லிட்டருக்குக் கால்வாசித் தூரமும் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார்கள். கை வைக்கலாமா?

ஜனவரி 10

கேட்டவருக்கு வந்த வியாதிதான் எனக்கும்: 90-இல் காது அடைக்கிறது. அதே வருடம், அதே எஞ்சின், அதே டி-18. நான் ஒரு படி முந்திவிட்டேன்: இசட்எஃப் எஸ்5-42 என்ற ஐந்து கியர் பெட்டி ஒன்று வாங்கிக் கொட்டகையில் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் மாட்டவில்லை. ஆகவே இப்போது நான் சொல்வது கணக்கு மட்டுமே, அனுபவம் அல்ல.

டி-18-இன் விகிதங்கள், அதாவது பின்னால் போகும் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது, 6.32, 3.09, 1.69, 1.00. இசட்எஃப் பெட்டியின் விகிதங்கள் 5.72, 2.94, 1.61, 1.00, 0.76. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் நான்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இசட்எஃப் என்பது டி-18-க்கு மேல் ஒரு மாடி கட்டியது போல. அந்த மாடிக்காகத்தான் இத்தனை பாடும்.

என் வண்டியின் பின் ஆக்ஸில் 4.11 என்று கதவோரத் தகடு சொல்கிறது; சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.11 சுற்று சுற்றும் என்று பொருள். டயர் உயரம் 29 அங்குலம். 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 720 சுற்று சுற்றும். 4.11-ஆல் பெருக்கினால் எஞ்சின் 2960. ஐந்தாவது கியரில் 0.76-ஆல் பெருக்கினால் 2250. எழுநூறு சுற்று குறைகிறது. கதறல் அடங்க இது போதும்.

ஜனவரி 11

720 எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார் தம்பி ஒருவர். 29 அங்குலம் என்பது 0.737 மீட்டர். அதை 3.14-ஆல் பெருக்கினால் டயரின் சுற்றளவு 2.31 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1667 மீட்டர். வகுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் எடையில் டயர் சற்றே அமுங்குவதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும். அந்த அளவுக்கு நுணுக்கம் நமக்கு வேண்டாம்.

ஓவர்டிரைவ் என்றால் வேறு மாயம் எதுவும் இல்லை. எஞ்சின் முக்கால் சுற்றுச் சுற்றும்போது பின்னால் போகும் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றிவிடும். வேகம் கூடும், முறுக்குவிசை குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும்.

ஜனவரி 19

ஏன் இசட்எஃப், ஏன் வேறு பெட்டி இல்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

டி-5 நல்ல பெட்டி, கைக்கு இலகுவானது, எங்கும் கிடைப்பது. ஃபோர்டு முஸ்டாங் காரில் வந்ததன் விகிதங்கள் 3.35, 1.93, 1.29, 1.00, 0.68. ஐந்தாவது 0.68 என்பது ஆசையாகத்தான் இருக்கும். முதல் கியரைப் பாருங்கள், 3.35. என் டி-18-இல் அது 6.32. ஏற்றத்தில், மணல் ஏற்றிய வண்டியை, கிளட்ச் கருகாமல் நகர்த்துவது அந்த 6.32-தான். அதை இழந்துவிட்டு நெடுஞ்சாலைச் சுகத்தை வாங்க எனக்கு மனமில்லை. வெறும் வண்டியாக ஊர் சுற்றுபவர் தாராளமாக டி-5 போடலாம்.

எம்5ஆர்2 என்பது எஃப்-150-இல் வந்த ஐந்து கியர் பெட்டி. ஐந்தாவது 0.80. பெல் ஹவுசிங் (எஞ்சினோடு இணையும் மணி வடிவக் கூடு) பெட்டியோடு ஒரே வார்ப்பு. அதே 300 எஞ்சினில் நேராக உட்காரும். வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மேல் மூடியின் பின்புறம் கியர் மாற்றும் தண்டுகளின் முனையில் மூன்று ரப்பர் அடைப்பான்கள் இருக்கும். வயதானால் அவை சுருங்கி எண்ணெய் கசியும். கசிவது தெரியாமல் ஓட்டினால் பெட்டி உள்ளே வறண்டு போகும். வாங்கிய அன்றே அவற்றை மாற்றிவிடுவது நல்லது.

டிரெமெக் நிறுவனத்தின் ஐந்து கியர் பெட்டிகள் புதிதாகவே வாங்குபவை. பணம் இருப்பவர்கள் இந்த இழையைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இசட்எஃப் 1980-களின் கடைசியில் ஃபோர்டின் கனரக பிக்கப்புகளில் வந்தது. அதிலும் பெல் ஹவுசிங் பெட்டியோடு ஒட்டியே வார்த்தது. ஆகவே எந்த எஞ்சினுக்கு வார்த்ததோ அதே துளை அமைப்பு உள்ள எஞ்சினுக்கு மட்டுமே பொருந்தும். 460 எஞ்சினுக்கும் டீசல் எஞ்சினுக்கும் வார்த்தவை வேறு. 300 ஆறு சிலிண்டர், 302, 351 விண்ட்சர் ஆகிய மூன்று ஃபோர்டு எஞ்சின்களுக்கும் பின்புறத் துளை அமைப்பு ஒன்றே. ‘இசட்எஃப்தானே’ என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால், டீசல் பெட்டியை வைத்துக்கொண்டு கொட்டகையில் உட்கார வேண்டியதுதான்.

ஜனவரி 20

கிரைஸ்லரின் ஏ833 ஓவர்டிரைவ் பெட்டியைப் பற்றி ஐயா ஒருவர் நினைவூட்டினார். நமக்குப் பயன்படாது, ஆனாலும் அந்தக் குறும்பைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1975-இல் அவர்களிடம் நல்ல நான்கு கியர் பெட்டி இருந்தது, ஓவர்டிரைவ்தான் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? உள்ளே இருந்த மூன்றாம் கியர்ப் பற்சக்கரங்களை ஓவர்டிரைவாக மாற்றிவிட்டு, பெட்டியின் வெளிப்பக்கத்தில் இருக்கும் மூன்றாம்-நான்காம் கியர் நெம்புகோலைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார்கள். நேர்விகித நான்காவது மூன்றாவது இடத்துக்கு வந்தது, 0.73 நான்காவது இடத்துக்குப் போனது. ஓட்டுபவருக்கு எதுவுமே தெரியாது. தலைகீழாகத் தொங்கும் ஒரு இரும்புத் துண்டால் ஒரு பெட்டியின் குணமே மாறிவிட்டது. எனக்கு இது ஏதோ பழைய வீட்டில் கதவைத் திருப்பி மாட்டி அறையைப் பெரிதாக்கியது போலத் தோன்றும்.

பிப்ரவரி 2

“உன் ஆக்ஸில் 4.11 என்றால் பெட்டியை ஏன் தொடுகிறாய், ஆக்ஸிலை 3.00 ஆக்கு” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதலில் எரிச்சல் வந்தது. பெட்டியை வாங்கிப் போட்டவனிடம் கேட்கிற கேள்வியா இது?

இரவு படுத்தபடி கணக்குப் போட்டேன். 720-ஐ 3.00-ஆல் பெருக்கினால் 2160. இசட்எஃப் போட்டு 4.11-ஐ அப்படியே விட்டால் 2250. ஆக்ஸிலை மட்டும் மாற்றுபவர் என்னைவிடக் குறைந்த சுற்றில் போவார்! அதுவும் பழைய பெட்டியோடு. முதல் கியர் மொத்த விகிதம் 6.32 பெருக்கல் 3.00, அதாவது 19. சாதாரண வண்டியின் இழுப்புக்கு அதுவே தாராளம். 9 அங்குல ஃபோர்டு ஆக்ஸிலில் கிரவுனும் பினியனும் (விகிதத்தைத் தீர்மானிக்கும் இரண்டு பற்சக்கரங்கள்) சேர்ந்த பகுதி முன்பக்கமாக ஒரே தொகுதியாகக் கழன்று வரும். ஒரு நாள் வேலை. தரையைக் கிழிக்க வேண்டாம், கிளட்சைத் தொட வேண்டாம்.

தூக்கம் போய்விட்டது.

பிப்ரவரி 3

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஆக்ஸிலை எண்ணினேன். ஒரு சக்கரம் தரையில், மற்றது ஜாக்கியில், கியர் நியூட்ரலில். புரோபெல்லர் ஷாஃப்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. டயரை ஒரு சுற்று சுற்றினேன். ஷாஃப்ட் ஒன்றே முக்கால் சுற்றியது. 1.75 விகிதத்தில் ஆக்ஸில் உலகத்திலேயே கிடையாதே என்று சிறிது நேரம் தரையில் படுத்தபடியே விழித்தேன். பிறகுதான் உறைத்தது: இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும், பூட்டு இல்லாத டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரத்தை மட்டும் சுற்றினால் பாதிதான் கணக்கில் வரும், இரண்டு சுற்று சுற்ற வேண்டும். சுற்றினேன். மூன்றரை.

அதாவது 3.50. தகட்டில் 4.11. எனக்கு முன் வைத்திருந்தவர் யாரோ ஆக்ஸிலை மாற்றியிருக்கிறார். ஜனவரி 10-இல் நான் எழுதிய கணக்கு முழுவதும் தப்பு. 100-இல் இப்போது என் எஞ்சின் 2960 அல்ல, 2520. இசட்எஃப் போட்டால் 1915.

அந்தக் குறிப்பை அழிக்கவில்லை. இருக்கட்டும்; தகட்டை நம்பும் அடுத்த ஆளுக்கு உதவும்.

பிப்ரவரி 4

2520 சுற்றில் இந்த எஞ்சின் கதறாதே, பிறகு ஏன் 90-இல் காது அடைத்தது என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை. சைலன்சரைச் சந்தேகிக்கிறேன்.

பிப்ரவரி 6

ஆக்ஸிலா பெட்டியா என்ற விவாதம் நாலு பக்கம் ஓடிவிட்டது. என் நிலைப்பாட்டை ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஆக்ஸில் நிஜமாகவே 4.11 ஆக இருந்து, அதிகம் சுமை ஏற்றாதவராக இருந்தால், பேசாமல் 3.00 போடுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நேர்விகித நான்காவது கியரில் சக்தி உள்தண்டிலிருந்து வெளித்தண்டுக்கு நேராகப் போகும். ஓவர்டிரைவில் கீழே உள்ள துணைத் தண்டுக்கு இறங்கி மீண்டும் மேலேறும். இரண்டு இடத்தில் பல் உரசும். இழப்பு சிறிதுதான், இருந்தாலும் இழப்பு.

ஆனால் 3.00 போட்டவர் சுமையோடு ஏற்றத்தில் என்ன செய்வார்? 100-இல் நான்காவது 2160. இழுக்கவில்லை என்று மூன்றாவதுக்கு இறங்கினால் 1.69 பெருக்கி 3650. நடுவில் ஒன்றும் இல்லை. ஒன்று திணறல், இல்லையென்றால் அலறல். எனக்கு ஐந்தாவதில் 1915, நான்காவதில் 2520. ஏற்றம் வந்தால் ஒரு கியர் கீழே, தாண்டியதும் மேலே. இந்த ஒரு நடுப்படிக்காகத்தான் நான் பெட்டியை மாற்றுகிறேன். வாங்கிப் போட்டுவிட்டேன் என்பதும் ஒரு காரணம், மறுக்கவில்லை.

பிப்ரவரி 18

டி-18 இறங்கிவிட்டது. வார்ப்பிரும்புப் பெட்டி. தனி ஆளாக இறக்காதீர்கள். பெட்டிக்கான ஜாக்கி இல்லாமல், சாதாரண ஜாக்கியின் மேல் மரக்கட்டை வைத்து இறக்கினேன். கடைசி நான்கு விரற்கடை உயரத்தில் அது தன் இஷ்டத்துக்குச் சாய்ந்தது. கால் தப்பியது. மரக்கட்டை இரண்டாகப் பிளந்தது.

கிளட்ச் உரசும் பிளைவீலைப் பார்த்தேன்: நீலம் பாய்ந்த புள்ளிகள், மெல்லிய வெடிப்புகள். கடைசலுக்குக் கொடுத்திருக்கிறேன். கழற்றியதுதான் கழற்றியாயிற்று, எஞ்சினின் பின்பக்க எண்ணெய் அடைப்பானையும் மாற்றிவிட்டேன்.

மார்ச் 1

இந்த வேலையில் பெட்டியைவிடக் கிளட்ச்தான் ஆளைத் தின்றது.

1978 வண்டியில் கிளட்ச் மிதியிலிருந்து கிளட்சை விடுவிக்கும் முட்கரண்டி வரை எல்லாம் இரும்புத் தண்டுகள். இசட்எஃப் வேண்டுவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச். அந்த அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் பெட்டியின் பக்கவாட்டில் உட்காரும். ஆகவே எஞ்சின் அறைக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவே உள்ள தகட்டில் மிதியால் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பொருத்த வேண்டும்.

அந்தத் தகடு சும்மா ஒரு தகரம். மனைவியை மிதியை அழுத்தச் சொல்லிவிட்டு முன்னால் நின்று பார்த்தேன். சிலிண்டர் இருக்கும் இடத்தில் தகரம் மூச்சுவிடுவது போல உப்பி அடங்கியது. அவள் அழுத்தும் ஒவ்வொரு முறையும் மிதியின் பயணத்தில் ஒரு பங்கைத் தகரமே விழுங்கிவிடுகிறது. இப்படியே விட்டால் ஒருநாள் வெடித்துக் கிழியும். மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒன்றை உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று சாண்ட்விச் போல வைத்து, மிதி தாங்கியோடு சேர்த்து முடுக்கினேன். இப்போது அசைவில்லை.

அடுத்த தப்பு முழுக்க முழுக்க என்னுடையது. ‘பெரிதாக இருந்தால் நல்லதுதானே’ என்று ஒரு அங்குல விட்டம் உள்ள மாஸ்டர் சிலிண்டர் போட்டேன். மிதி கல்லாக இருந்தது. கிளட்ச் பாதி மிதியிலேயே முழுதாக விட்டுவிட்டது. மீதி பாதியில் கிளட்சை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை அளவுக்கு மீறித் தள்ளிக்கொண்டிருந்தேன். முக்கால் அங்குலத்துக்கும் ஒரு அங்குலத்துக்கும் விட்டத்தில் வித்தியாசம் கால் அங்குலம்தான். பரப்பில் 1.8 மடங்கு. எண்ணெய் தள்ளப்படுவது பரப்பைப் பொறுத்து. பள்ளியில் படித்ததுதான், மிதியில் கால் வைத்த பிறகுதான் மூளைக்கு ஏறியது. முக்கால் அங்குலத்துக்கு மாற்றியாயிற்று.

மார்ச் 2

ஆமாம், மனைவி என்ன சொன்னாள் என்று கேட்கிறீர்கள். “பழைய பெட்டிக்கு என்ன குறை?” என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

மார்ச் 16

பெட்டி ஏறிவிட்டது. கிளட்ச் பிளேட்டின் நடுத்துளைப் பற்களைப் புதிய பெட்டியின் உள்தண்டில் போட்டுப் பார்த்துச் சறுக்குகிறதா என்று உறுதி செய்தபின்தான் பிளைவீலில் முடுக்கினேன். பிளேட்டின் விட்டம் பிளைவீலைப் பொறுத்தது, பற்கள் பெட்டியைப் பொறுத்தவை. இரண்டு வண்டியிலிருந்து வரும் பொருள்களை இணைக்கும்போது இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். எஞ்சின் ஓடும்போது மிதியை முழுதாக அழுத்தியும் முதல் கியர் முரண்டு பிடிக்கிறது. பின்கியர் அரைத்துக்கொண்டு விழுகிறது. நிறுத்திவிட்டுப் போட்டால் வெண்ணெய் போல விழுகிறது. கிளட்ச் முழுதாக விடவில்லை என்றுதான் அர்த்தம். எண்ணெய்க் குழாயில் காற்று இருக்க வேண்டும். நாளை மறுபடி காற்று எடுக்கிறேன்.

மார்ச் 23

நான்கு முறை காற்று எடுத்தாயிற்று. மாற்றமில்லை. இப்போது சூடானபின் மிதியை அழுத்தினால் மெல்லிய கீச்சொலியும் சேர்ந்துகொண்டது.

மார்ச் 30

காற்று காரணமில்லை. 16-ஆம் தேதி எழுதியதையும் 23-ஆம் தேதி எழுதியதையும் மறந்துவிடுங்கள்.

பெட்டியை மறுபடி இறக்கினேன். உள்தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்து, வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவம் ஆகியிருந்தது. எஞ்சின் பின்முகத்தில் கை வைத்துத் தடவினேன். வலது பக்கம் டவல் பின் (இடம் பிசகாமல் நிறுத்தும் உருளை ஆணி) இருந்தது. இடது பக்கம் வெறும் துளை. அதில் மசகு அழுக்கு அடைந்து, இருப்பது போலவே தெரிந்திருக்கிறது. பெல் ஹவுசிங்கை மையத்தில் நிறுத்துவது அந்த இரண்டு பின்களும்தான். போல்ட்கள் இறுக்குவதற்கு மட்டுமே, அவற்றின் துளைகளில் ஆட்டம் உண்டு. ஒரு பின்னை நம்பிப் பெட்டியை மாட்டினேன்; அது இன்னொரு பக்கம் தொங்கிவிட்டது. உள்தண்டு பைலட் பேரிங்கை ஒரு பக்கம் அழுத்திக்கொண்டே சுற்றியது. கிளட்ச் விட்டபிறகும் எஞ்சின் அதை இழுத்துக்கொண்டே இருந்தது. அதுதான் அரைத்தது.

பெல் ஹவுசிங் தனியாகக் கழன்று வரும் பெட்டிகளில், பிளைவீலில் டயல் கேஜ் (நுண்ணளவு காட்டும் முள் கருவி) பொருத்திப் பெல் ஹவுசிங்கின் நடுத்துளையைச் சுற்றி அளக்கலாம். டிரெமெக் சொல்லும் எல்லை 0.005 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.13 மில்லிமீட்டர். மீறினால் மையம் தள்ளிய டவல் பின்கள் கிடைக்கின்றன, 0.007, 0.014, 0.021 அங்குல அளவுகளில். முள் காட்டும் மொத்த அளவில் பாதிதான் உண்மையான விலகல் என்பதை நினைவில் வைத்துப் பின்னைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இசட்எஃப் ஒட்டியே வார்த்த பெட்டி என்பதால் அளக்கத் துளையே இல்லை. பின்கள் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்ப்பது மட்டுமே நம் கையில். நான் அதைக்கூடப் பார்க்கவில்லை.

புதிய பின், புதிய பைலட் பேரிங். மறுபடி ஏற்றியாயிற்று. எஞ்சின் ஓடும்போதே இரண்டு விரலால் பின்கியர் போட முடிகிறது.

ஏப்ரல் 12

இசட்எஃப் நீளமானது; புரோபெல்லர் ஷாஃப்டைக் குறுக்க வேண்டியிருந்தது. வண்டி தன் டயர்களில் நிற்கும்போது அளவெடுங்கள், ஜாக்கியில் தொங்கும்போது அல்ல. பின் ஆக்ஸில் தொங்கினால் தூரம் மாறிவிடும். பெட்டியின் வாலுக்குள் சறுக்கும் ஸ்லிப் யோக்கை முழுதாக உள்ளே தள்ளி, இரண்டரை சென்டிமீட்டர் வெளியே இழுத்து, அந்த நிலையில் கிராஸிலிருந்து கிராஸ் வரை, அதாவது முன் மூட்டிலிருந்து பின் மூட்டு வரை, அளந்து கொடுத்தேன்.

வெட்டிச் சமநிலைப்படுத்தி வந்த ஷாஃப்ட் 80 வரை அமைதி. 80-க்கு மேல் இருக்கைக்கு அடியில் தேனீக்கூடு. ஷாஃப்டைக் கடைந்தவரைத் திட்டிக்கொண்டே போய் நின்றேன். அவர் சுற்றிக் காட்டினார், நேராகத்தான் இருந்தது. வந்து கோணம் பார்த்தேன். பெட்டியின் வால் பக்கத்தை நான் பொருத்திய தாங்கி உயரமாகிவிட்டது. பெட்டி ஏறக்குறைய கிடைமட்டத்தில், பினியன் மூன்று பாகை மேல்நோக்கி. முன் கிராஸின் கோணமும் பின் கிராஸின் கோணமும் சமமாக, ஒன்றுக்கொன்று எதிராக இருந்தால்தான் ஒன்றின் துடிப்பை மற்றது ரத்து செய்யும். ஒரு பாகைக்கு மேல் வித்தியாசம் கூடாது. தாங்கியை அறுத்துத் தாழ்த்திப் பற்றவைத்தேன். தேனீக்கள் போய்விட்டன. கடைசல்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 13

எண்ணெய் கேட்ட அண்ணனுக்கு: டி-18-க்குக் கெட்டியான கியர் எண்ணெய். இசட்எஃப்புக்கு ஃபோர்டு சொன்னது தானியங்கி கியர்பாக்ஸுக்கு ஊற்றும் மெல்லிய சிவப்பு எண்ணெய், அதாவது ஏடிஎஃப். நியூட்ரலில் ஐடிலில் உள்ளே பட்டாணி உருட்டுவது போல ஒலி கேட்கும். கிளட்ச் மிதியை அழுத்தினால் நின்றுவிடும். எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் சுமையில்லாத பற்சக்கரங்களை முன்னும் பின்னும் ஆட்டுவதால் வரும் ஒலி. பயப்பட வேண்டாம். அதை அடக்க வேண்டும் என்று கெட்டி எண்ணெய் ஊற்றாதீர்கள். குளிரில் சின்க்ரோ, அதாவது கியர் மாற்றும்போது வேகங்களைச் சமப்படுத்தும் வளையம், பிடிக்காது.

ஏப்ரல் 27

ஐந்தாவது கியர்!

நான்காவதில் 80, கிளட்ச், நெம்புகோல், மிதியை விட்டேன். எஞ்சின் ஒலி அப்படியே ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தது. காற்று ஜன்னல் ரப்பரில் ஊதும் சத்தம் எனக்கு இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் கேட்டது. இந்த 300 எஞ்சின் 1965 முதல் 1996 வரை தயாரிப்பில் இருந்ததற்குக் காரணம் இதுதான். ஏழு மெயின் பேரிங், செயின் இல்லாமல் பற்சக்கரமே சுற்றும் கேம் ஷாஃப்ட், குறைந்த சுற்றிலேயே இழுக்கும் குணம். 1900-இல் அது வேலை செய்வது போலவே தெரியவில்லை.

பெட்ரோல் கணக்கு: முன்பு லிட்டருக்கு 6 கிலோமீட்டர். இரண்டு முறை டேங்க் நிரப்பிப் பார்த்துவிட்டேன், இப்போது 7.5. சரியாகக் கால்வாசி கூடுதல். கேள்வி கேட்டவர் சொன்னது சரிதான்.

மே 14

கேள்வி கேட்டவர் சொன்னது சரியில்லை. நானும் சொன்னது சரியில்லை.

புதிய பெட்டியில் கேபிள் மாட்ட இடம் இருந்ததால் பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளையே பயன்படுத்தினேன். 3.50 ஆக்ஸிலுக்கு ஏற்ற சின்னப் பற்சக்கரம் போட்டேன். நேற்று கொட்டகையைக் கூட்டும்போது பழைய பெட்டியிலிருந்து கழற்றிய பற்சக்கரம் கையில் அகப்பட்டது. சும்மா பல்லை எண்ணினேன். அது 4.11-க்கு உரியது. ஆக்ஸிலை மாற்றிய புண்ணியவான் இதை மாற்றவில்லை.

அப்படியென்றால் இத்தனை வருடமாக என் மீட்டர் 15 சதவீதம் குறைத்துக் காட்டியிருக்கிறது. முள் 85-இல் நின்றபோது நான் 100-இல் போய்க்கொண்டிருந்தேன். தூரமும் அப்படியே. பழைய பெட்டியோடு ஆறு கிலோமீட்டர் என்று நான் எழுதிவைத்தது உண்மையில் ஏழுக்குச் சற்று மேல். ஏழிலிருந்து ஏழரை. கால்வாசி அல்ல, ஆறு சதவீதம்.

பிப்ரவரி 4-இல் கேட்ட கேள்விக்கும் இப்போது பதில் கிடைத்துவிட்டது. ‘90-இல் கதறுகிறது’ என்று நான் சொன்னபோது வண்டி 106-இல் இருந்தது. சைலன்சர் மீது சுமத்திய பழியைத் திரும்பப் பெறுகிறேன்.

மே 15

ஆறு சதவீதத்துக்காகவா இத்தனையும் என்று கேட்டவர்கள் ஏழு பேர். எண்ணினேன். இல்லை ஐயா, ஆறு சதவீதத்துக்காக இல்லை. பெட்ரோல் மிச்சத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பெட்டியின் விலையை எடுப்பதற்குள் வண்டி துருப்பிடித்துவிடும். காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி எந்தக் கியரிலும் ஒன்றுதான். மிச்சமாவது எஞ்சின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள எடுப்பதில் ஒரு பங்கு மட்டுமே. சத்தம் போயிற்று, அதற்காகத்தான் செய்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

மே 21

எதிர்காற்று பலமாக இருந்தால் ஐந்தாவதில் இழுக்க மறுக்கிறது. ஆக்ஸிலரேட்டரை ஆழமாக அழுத்தி அதிலேயே பிடிவாதமாக ஓட்டினால் எஞ்சின் உள்ளே தட்டும் ஒலி கேட்கும். நான்காவதுக்கு இறங்குங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் மாற்றுகிறேன், எரிச்சலாக இல்லை, புதுப் பொம்மை.

இன்னொன்று: நெம்புகோல் இரண்டாவதிலும் நான்காவதிலும் பெஞ்சு இருக்கையின் ஓரத்தில் முட்டுகிறது. சூடாக்கி முன்பக்கமாக வளைத்தேன். இப்போது ரேடியோவில் முட்டுகிறது.

ஜூன் 8

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். சுண்ணாம்புக் கோடு போட்டு எண்ணினாராம். அவருடையது நிஜமாகவே 4.11. சுமை ஏற்றுவதில்லையாம். 3.00 கிரவுன் பினியன் தொகுதி ஒன்று தேடிப் பிடித்து ஒரு சனிக்கிழமையில் மாட்டிவிட்டார். பெட்டியைத் தொடவில்லை. ஸ்பீடோமீட்டர் பற்சக்கரத்தையும் மாற்றிவிட்டேன் என்று தனி வரியில் எழுதியிருக்கிறார். குத்தல் புரிகிறது.

என் பழைய டி-18-ஐக் கேட்ட தம்பிக்கு: இன்னும் இருக்கிறது. மேல் மூடியைத் திறந்து பார்த்தேன். இரண்டாம் கியரின் பித்தளை வளையம் தேய்ந்திருக்கிறது. முதல் கியருக்குச் சின்க்ரோ கிடையாது, அது பிறவிக் குணம். வண்டி நின்றபின் போடுங்கள். மற்ற பற்களில் ஒரு கீறல் இல்லை. ஜாக்கி நான் தருகிறேன். மரக்கட்டை நீங்கள் கொண்டுவாருங்கள், தடிமனாக.